லோக்கல் கேபிள் சேனலுக்கு மேள நிகழ்ச்சியை வீட்டிலேயே எடுக்க முடியுமா? ஸ்டுடியோ இல்லாமல் எடுத்தால் டிவி தரத்துக்கு வருமா? செலவு எப்படி?

முடியும். நாங்கள் எடுத்தோம், எங்கள் தறிக்குடோனில் வைத்தே. கோவை மாவட்டம் சோமனூர் பக்கம் எங்கள் ஊர், விசைத்தறி ஓடும் பகுதி. தப்பு (பறை), உறுமி, பம்பை, துடும்பு என்று வாரத்துக்கு ஒரு மேளக் குழு, ஞாயிறு காலையில் அரை மணி நேரம், எங்கள் பகுதி லோக்கல் சேனலில் வந்தது. "ஸ்டுடியோ இல்லாமல் எடுத்தால் டிவி தரத்துக்கு வருமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை என்னிடம் எத்தனையோ பேர் இளப்பமாகக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கையில் ஒரு சுமாரான போனும், தெரிந்த மேளக்காரர்கள் நாலு பேரும் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் சத்தத்தைப் பாருங்கள். படம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சனம் பார்க்கும். தப்புச் சத்தம் கிழிந்துபோனால் அடுத்த நிமிடம் சேனலை மாற்றிவிடும். போனில் இருக்கும் மைக் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். முதல் அடி விழுந்ததும் மொத்தத்தையும் அமுக்கிவிடும். அடி நிற்கும் இடத்தில் தூக்கிக்கொண்டு வரும், காக்காய் கத்துவது வரைக்கும் கேட்கும். ஆகவே சத்தத்துக்குத் தனி ரெக்கார்டர் வையுங்கள், வாடகைக்காவது எடுங்கள். ஓங்கி அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சைபரைத் தொடவே கூடாது. தப்புக்கு மைக்கைத் தோலுக்கு நேரே ஒட்டி வைக்க வேண்டாம். ஆறேழு அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்தால் இடது கை மெல்லிய குச்சியின் சத்தமும் தெளிவாக விழும். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றில் அடி, ஒன்றில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. தேய்க்கும் பக்கம் தனியாக ஒரு மைக் இல்லாவிட்டால் அந்த உறுமலே டிவியில் வராது, ஏனென்றால் வீட்டு டிவியின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சுதி சரியாக வராது, குச்சி உரசும் சத்தம்தான் காதில் விழும். எடுத்து முடித்ததும் ஹெட்போனில் கேட்டதோடு விடாமல், பக்கத்து வீட்டுப் பழைய டிவியிலும் போட்டுக் கேளுங்கள்.

தகரக் கூரையும் வெறும் சுவரும் எதிரொலித்துக் கொல்லும். நாங்கள் தறியில் நெய்த காடா துணிக் கட்டுகளைச் சுற்றிலும் சுவர் மாதிரி அடுக்கினோம். எதிரொலி அப்படியே அடங்கிவிட்டது. உங்கள் வீட்டில் தறி இல்லையென்றால் மெத்தை, கம்பளி, நெல் மூட்டை, எது இருக்கிறதோ அதை அடுக்குங்கள்.

எங்களுக்குப் பெரிய தொந்தரவு அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம்தான். ராத்திரி பகல் ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள்தான் எங்களுக்குப் படப்பிடிப்பு நாள். காலையில் எல்லாத் தறியும் நின்றதும் ஆரம்பித்து, அந்த மாதத்துக்கு வேண்டியதை எல்லாம் கரண்ட் வருவதற்குள் எடுத்துவிடுவோம். முந்தின ராத்திரியே பேட்டரி எல்லாம் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். வெளிச்சத்துக்குக் குடோன் கதவைத் திறந்துவிட்டால் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுப்பதானால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்கு ஒத்துவராத அளவு வைத்தால் படம் மினுமினுக்கும்.

தறி என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கூலி உயர்வு என்று பேச்சுவார்த்தை நடத்திக் கையெழுத்தும் போடுகிறார்கள். பாவு (தறியில் ஏற்றும் நூல்) கொடுத்து நெய்யச் சொல்பவர்கள் நாலு மாதத்தில் பழைய கூலிக்கே இறக்கிவிடுகிறார்கள். கேட்டால் அடுத்த பாவு வராது. எங்கள் வீதியிலேயே பாதித் தறி பழைய இரும்பு விலைக்கு எடை போட்டுப் போய்விட்டது. அதைப் பற்றி எந்தச் சேனலும் அரை மணி நேரம் கொடுக்கவில்லை.

சரி, மேளத்துக்கு வருகிறேன். தோல் கட்டிய தப்பைக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். எங்களுக்கு வாசித்த பெரியவர் ஒருவர் சோளத்தட்டைக் கொளுத்தி, தப்பைத் தீயின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். விரலால் ஓரத்தில் சுண்டுவார், திரும்பவும் காட்டுவார். அவர் தலையாட்டும் வரைக்கும் கேமராவைத் தொடாதீர்கள். அடிக்க அடிக்கத் தோல் தொய்ந்து சுதி இறங்கும். காய்ச்சியதும் எடுத்த துண்டையும் கடைசியில் எடுத்த துண்டையும் ஒட்டினால், கேட்பவருக்கு வேறு மேளம் போலத் தெரியும். அதனால் ஓர் ஆட்டத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் எடுங்கள். இரண்டு போன் வைத்தால் கோணம் மாற்றிக்கொள்ளலாம், சத்தம் மட்டும் ஒரே ரெக்கார்டரில் இருந்து வரட்டும். சினிமாப் பாட்டு மெட்டுக்குள் போனால் உரிமைப் பிரச்சினை வரும். ஊர்ப் பழக்கத்தில் இருக்கும் அடிகளையே கேளுங்கள். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு ராத்திரி ஆடுவார்களே, அந்த அடி ஒன்றே ஒரு நிகழ்ச்சிக்குப் போதும்.

"சாவு மேளத்தை டிவியில் போடுவதா, காலங்காத்தால வீட்டில் கேட்க நல்லாவா இருக்கும்" என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். எங்கள் சேனல்காரர் காதிலேயே போட்டுவிட்டார்கள், அவரும் கேஸ் கீஸ் வந்துவிடுமோ என்று தயங்கினார். 1995 கேபிள் சட்டத்தின்படி எதைக் காட்டக் கூடாது என்று சொல்லும் நிகழ்ச்சி விதி ஒன்று இருக்கிறது, அதில் மேளத்துக்குத் தடை எங்கேயும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அம்மன் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது அடிப்பதும் இதே தப்புதானே அண்ணா, அப்போது மட்டும் தீட்டில்லையா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். எல்லா ஊரிலும் இப்படிப் பேசுவார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களிடம் பேசினார்கள், அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஏன் இத்தனை வேகம் என்று கேட்கலாம். என் தாத்தா தப்பு அடித்தவர். ஊரில் அவரை "டேய் மேளக்காரா" என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிடச் சின்னப் பையன்கள்கூட. நோட்டீஸில் உபயதாரர் பெயரெல்லாம் வரும், மேளம் என்று மட்டும் ஒரு வரி இருக்கும். அதனால் எங்கள் நிகழ்ச்சியில் வாசித்த ஒவ்வொருவர் பெயரும் ஊரும் திரையில் வந்தே ஆக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். தப்பு காய்ச்சிய பெரியவர் கிளம்பும்போது திரும்பி வந்து, "ஏங்கண்ணு, எம் பேரும் வருமா?" என்று கேட்டார். "முழுப் பேரா வருமுங்கய்யா" என்றேன். ஆனால் முதல் ஒளிபரப்பில் சேனல்காரர்கள் முடிவில் இருந்த பெயர்ப் பட்டியலை வெட்டி நகைக்கடை விளம்பரத்தை ஏற்றிவிட்டார்கள். சண்டை போட்டேன். அடுத்த வாரத்தில் இருந்து பெயர்களைக் கடைசியில் வைக்கவே இல்லை. ஒவ்வொருவர் அடிக்கும்போதும் அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டேன். பெயரை வெட்ட வேண்டுமானால் வாசிப்பையும் வெட்ட வேண்டும். திரையின் அடியில் போடாதீர்கள், அங்கே ஸ்க்ரோல் விளம்பரம் ஓடும். கையும் குச்சியும் அந்தப் பட்டைக்கு மேலே வரும்படி ஃபிரேம் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் இருக்கும்போது கேபிள் எதற்கு என்பவர்களுக்கு: வாசிப்பவர்களின் வீட்டில் பெரியவர்கள் பார்ப்பது லோக்கல் சேனல்தான், கோயில் தேர் நேரலைக்கு அதைத்தான் வைப்பார்கள். யூடியூபில் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பின்னால் போடுங்கள். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு லோக்கல் சேனல் எண் எங்கோ தள்ளிப் போய்விட்டது. எண்ணைத் தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டு டிவிக்குப் பக்கத்திலும் ஒட்டிவிட்டு வந்தோம்.

செலவைக் கேட்டிருந்தீர்கள். நேரத்துக்குச் சேனல்காரர் பணம் கேட்பார்; நான் அவர்களுடைய திருவிழா வீடியோக்களை எடிட் செய்து கொடுத்துக் கழித்துக்கொண்டேன். வாசிப்பவர்களுக்கு மட்டும் "டிவியில் வருகிறீர்களே" என்று சொல்லிக் கூலியைக் குறைக்காதீர்கள். கல்யாணத்துக்கு என்ன வாங்குவார்களோ அதைக் கிளம்பும் முன்பே கையில் கொடுங்கள். சோறும் எல்லோரோடும் ஒரே பந்தியில்.