ஓதச் சுவத்துக்கு எத்தனை கோட்டு? – வாசகர் கடிதம்

அக்காவுக்கு வணக்கம். உங்க குன்னூர் வீட்டுக் கூத்தை நீங்க அப்பப்ப எழுதுறதை விடாம படிக்கிறவன், அந்த தைரியத்துல கேக்குறேன். பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலை, வீட்லேருந்தே பாக்கலாம்னு சொல்லிட்டதால கோத்தகிரிக்குக் கீழ தாத்தா கட்டின வீட்டுக்கே வந்துட்டோம். கல்லும் மண்ணும் வச்சுக் கட்டின சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தகரக் கூரை. பின்சுவர் மேட்டை ஒட்டி இருக்கு, அதுல தரைலேருந்து மூணடிக்கு ஈரம், பெயின்ட் செதில் செதிலா உரியுது. பெட்ரூம்ல பீரோவுக்குப் பின்னாடி கருப்பா பூஞ்சை. யூட்யூப் பாத்து எல்லாத்தையும் நானே செஞ்சிரலாம்னு சுவத்தை வழவழப்பாக்க பூசுற பட்டி மாவு ரெண்டு மூட்டையும் ஒரு பக்கெட் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டும் வாங்கிட்டேன். பழைய பூச்சைக் கொத்திட்டு சிமென்ட் பூசணுமா, இல்ல மேலயே பட்டி பாக்கலாமா? பெயின்ட் எத்தனை கோட்டு? பாத்ரூம் டைல்ஸும் நானே போட ஆசை. தீபாவளிக்குள்ள முடிக்கணும். ஆள் வச்சு செய்டான்னு அப்பா தினமும் சத்தம் போடுறார். பேர் போட வேணாம் அக்கா, அப்பாவும் உங்களப் படிக்கிறார்.

அன்புள்ள தம்பி,

அந்த பக்கெட்டைத் திறந்துட்டீங்களா? திறக்கலைன்னா பில்லோட போய் திருப்பிக் குடுத்துருங்க, கடைக்காரர் மூஞ்சியத் தூக்கினாலும் பரவால்ல. எத்தனை கோட்டுன்னு கேட்டீங்கல்ல, இந்த வருஷத்துக்கு பூஜ்யம்.

நான் இந்த வீட்டை வாங்கின முதல் வருஷம் உங்கள மாதிரிதான் இருந்தேன். உங்களுக்காவது வீடியோ பாக்குறப்ப சந்தேகம் வருது, எனக்கு அதுவும் வரல. அந்த வீடியோவுல எல்லாம் அமெரிக்காக்காரர் சுவத்துல ஒரு குத்து விடுவார், ஓட்டை விழும், ஒரு பலகைய வெட்டி ஒட்டுவார், மேல எதையோ தடவுவார், சாயங்காலம் பெயின்ட் அடிச்சிட்டு காபி குடிப்பார். அவர் சுவர் ஜிப்சம் போர்டுன்னு எனக்குப் புரியவே ஆறு மாசம் ஆச்சு. நம்ம சுவர் ஒன்றரை அடி கனம், குத்தினா கைதான் போகும். சென்னைக்காரர் வீடியோவும் நமக்கு ஆகாது, அவர் பூசினது மறுநாள் காயும், நமக்கு மறுவாரம் தொட்டாலும் சில்லுனு இருக்கும்.

முதல் வருஷம் ரெண்டு தடவ பட்டி பாத்து, ப்ரைமர் அடிச்சு, மேல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட், மொத்தம் 38,000 ரூபாய். எல்லாம் என் கையால, தோள்பட்டை வலில ஒரு வாரம் தலை சீவ முடியல. நவம்பர்ல பெயின்ட் அப்பளம் மாதிரி உப்ப ஆரம்பிச்சுது, விரலால அமுக்கினா உள்ள தண்ணி அசையுது. ரெண்டாம் வருஷம் பெயின்ட்டுதான் தப்புன்னு நெனச்சு, நீங்க கேக்குற அதே வேலைய செஞ்சேன், சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தித் தள்ளிட்டு நாலடி உயரத்துக்கு சிமென்ட் பூச்சு, கலவைல வாட்டர்ப்ரூஃப் மருந்து வேற. மூணடில நின்னுட்டிருந்த ஈரம் அடுத்த மழைக்கு அஞ்சடிக்கு ஏறிடுச்சு. சிமென்ட் முடிஞ்ச இடத்துக்கு மேல கோடு போட்ட மாதிரி உப்பு பூத்து நின்னுச்சு. புண்ணுக்குப் புனுகு பூசினா என்ன ஆகுமோ அதான் ஆச்சு.

இது ஏன்னா, மண்ணுலயும் சுண்ணாம்புலயும் கட்டின சுவர் தண்ணிய தடுக்கிற சுவர் இல்ல. ஈரத்தை வாங்கும், வெயில் வந்தா வெளிய விட்டுரும், அப்படி வாங்கி விட்டுதான் உங்க தாத்தா சுவர் இத்தனை வருஷம் நின்னிருக்கு. அது மேல சிமென்ட்டோ பிளாஸ்டிக் மாதிரி பெயின்ட்டோ அப்பினா வெளிய போற வழி அடைபடுது, கீழேருந்து வர்ற தண்ணி மட்டும் நிக்கல, அதனால வழி தேடி மேல ஏறும். உள்ள மண் சாந்து ஊறி ஊறி பலம் போகும், கடைசில சிமென்ட் பூச்சு விழும்போது கல்லோட முகத்தையும் பேத்து எடுத்துக்கிட்டு விழும்.

மூணாம் வருஷம் மார்க்கெட் பக்கம் ஒரு பெரியவர் கெடச்சார், பழைய கொத்தனார். நான் உள்ள கூப்பிட்டு சுவத்தைக் காட்டப் போனேன், அவர் செருப்பையே கழட்டல. "உள்ள என்னம்மா பாக்க, கொடை இருந்தா குடு"ன்னு வாங்கிட்டு கொட்டுற மழைல வீட்டுக்குப் பின்னாடி போய் நின்னுட்டார். இருபது நிமிஷம். நான் ஜன்னல் வழியா பாக்குறேன், மனுஷன் கூரையப் பாக்குறார், தரையப் பாக்குறார், மேட்டைப் பாக்குறார், சுவத்தைத் திரும்பியே பாக்கல. வந்து மூணு விஷயம் சொன்னார். கூரைத் தண்ணி எறங்குற குழாய் பாதில உடைஞ்சு மொத்தத் தண்ணியையும் சுவரோட காலடில கொட்டுது. மேட்டு மண் வருஷா வருஷம் சரிஞ்சு சரிஞ்சு வெளிய தரை உள்தரைய விட ஒரு அடி ஒசந்துபோச்சு. போதாக்கொறைக்கு எனக்கு முன்னாடி இருந்தவங்க சேறு ஆகக் கூடாதுன்னு சுத்தி ஒரு சிமென்ட் தளம் போட்டிருக்காங்க, அதுக்கு வாட்டம், அதான் தண்ணி ஓடுற சரிவு, சுவத்தைப் பாத்து இருக்கு. அதாவது மழை பெஞ்சா ஒரு சொட்டு வீணாகாம என் பெட்ரூம் சுவத்துக்குப் பாய்ச்சுறதுக்கு ஏற்பாடு, நான் உள்ள உக்காந்து 38,000 ரூபாய்க்கு பெயின்ட் அடிச்சிருக்கேன்!

இதச் சரி பண்ண ஆன செலவு 9,000. புது குழாய், கொஞ்சம் ஜல்லி, ரெண்டு நாள் ஆள் கூலி, மீதி நானும் என் மண்வெட்டியும்.

அதனால தம்பி, தீபாவளிக்குள்ள எதையும் முடிக்காதீங்க. நம்ம கிழக்குப் பக்கத்துக்கு, அதான் குன்னூர் கோத்தகிரிக்கு, ஜூன் ஜூலை மழைய விட அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற மழைதான் பெருசு. மேற்குப் பக்கம் கூடலூர்க்காரங்களுக்கு அப்படியே தலைகீழ். தீபாவளிங்கிறது நமக்கு நடு மழை. இந்த வருஷ மழைய ஒரு வேலையும் செய்யாம பாருங்க. பெரிய மழை பெய்யுறப்ப குடையும் போனும் எடுத்துட்டு பின்னாடி போய் தண்ணி எங்க விழுது, எங்க ஓடுது, எங்க தேங்குதுன்னு வீடியோ எடுங்க. உள்ள ஈரம் நிக்கிற எல்லைல பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதுங்க, மழைக்கு ஏறுதா, வெயிலுக்கு எறங்குதான்னு அதுவே சொல்லிரும். குழாய ஒட்டவைக்கிறது, கூரைத் தூம்புல அடைச்ச இலைய எடுக்கிறது இதெல்லாம் இப்பவே செய்யலாம், அதுக்கு நல்ல நாள் பாக்க வேணாம்.

உங்க கடிதத்துல ரெண்டு வேற வேற வியாதி இருக்கு, நீங்க ஒண்ணா சேத்துட்டீங்க. பின்சுவத்துல தரைலேருந்து மூணடிங்கிறது மேட்டு மண்ணுலேருந்து சுவத்துக்குள்ள ஊறி வர்ற ஈரம், அதான் ஓதம். பீரோவுக்குப் பின்னாடி கருப்பு அநேகமா ரூமுக்குள்ள இருக்கிற ஈரக்காத்து குளிர்ந்த சுவத்துல பட்டு வேர்க்கிறது. நிச்சயம் பண்ண ஒரு வழி இருக்கு. ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பிளாஸ்டிக் ஷீட்டை அந்த இடத்துல நாலு பக்கமும் காத்து போகாம டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்குப் பின்னாடி முத்து முத்தா தண்ணி நின்னா சுவத்துலேருந்து வருது, முன்னாடி ரூம் பக்கம் நின்னா உங்க வீட்டு மூச்சுலேருந்து வருது. மூச்சுன்னு சும்மா சொல்லல, ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வரும், அப்ப 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு முடியிறதுக்குள்ள இருபது லிட்டருக்கு மேல உங்க வீட்டுக் காத்துல கலக்குது. இதுல மழை நாள்ல துணிய ரூமுக்குள்ளயே கொடி கட்டி காயப் போடுவோம், குளிருதுன்னு ஜன்னலத் தொறக்க மாட்டோம். பீரோவ சுவத்த விட்டு நாலு இஞ்சு நகத்தி வைங்க, சமைக்கிறப்ப ஜன்னலத் தொறந்து வைங்க, பாதி பூஞ்சை தானா அடங்கும்.

பின்னாடி மண் எடுக்கிற வேலைய ஜனவரிக்கு மேல வச்சுக்கோங்க. வெளித்தரை உள்தரைய விட அரை அடியாவது தாழ்வா இருக்கணும், சுவரோரமா ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு வாய்க்கா, வாட்டம் வீட்டை விட்டு வெளிய. இதுல ஒரு ஆபத்து. ஆர்வத்துல சுவர் நீளத்துக்கும் ஒரே நாள்ல தோண்டிராதீங்க, பழைய வீட்டுக்கு அஸ்திவாரம் நீங்க நெனைக்கிற ஆழத்துல இருக்காது. மூணு மூணு அடியா தோண்டி, முடிச்சு, அடுத்ததுக்குப் போகணும். மேட்டையே செங்குத்தா வெட்டலாமான்னு யோசிக்கவே வேணாம், அது நீங்களோ நானோ செய்ற வேலை இல்ல, அதுக்கு இஞ்சினியரும் அனுமதியும் வேணும். 2009 நவம்பர்ல ரெண்டு மூணு நாள் மழைல நம்ம நீலகிரி மாவட்டத்துல நாப்பது பேருக்கு மேல மண்ணுக்குள்ள போனாங்க, அப்பாவக் கேளுங்க, சொல்லுவார். தடுப்புச் சுவர் இருந்தா அதுல இருக்கிற ஓட்டைல செங்காவித் தண்ணி வடிஞ்சு அசிங்கமா இருக்குன்னு சிமென்ட் வச்சு அடைக்கிறவங்களையும் பாத்திருக்கேன். அந்தத் தண்ணி வடியாம உள்ள நின்னா சுவரே முன்னாடி வந்து விழும்.

மண் எடுத்ததும் சுவர் காஞ்சிடாது. ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு மாசம்னு கணக்கு சொல்லுவாங்க, ஒன்றரை அடி சுவருக்கு நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க. அது வரைக்கும் அசிங்கமாதான் இருக்கும், விருந்தாளி வந்தா காலண்டர மாட்டி மறைங்க. பெயின்ட்டை சுரண்டி எடுத்துருங்க, பொக்குன்னு சத்தம் வர்ற பூச்சை மட்டும் தட்டி எடுங்க, பூத்த உப்ப காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு பெருக்குங்க, தண்ணி விட்டுக் கழுவினா மறுபடி உள்ள போயிரும். பூசுறதுன்னா நீத்த சுண்ணாம்பும் மணலும் ஒண்ணுக்கு மூணு, மெல்லிசா ரெண்டு தடவையா, மேல வெள்ளையடிச்சா போதும். கண்ணாடி, கையுறை இல்லாம சுண்ணாம்பத் தொடாதீங்க. மார்ச்லேருந்து மே தான் இதுக்கு சீசன், அதுலயும் மதியம் மூணு மணிக்குள்ள கரண்டியக் கழுவிருங்க, அப்புறம் மிஸ்ட் எறங்கிடும். ஒரு தடவ சாயங்காலம் கேட்டுக்கு பெயின்ட் அடிச்சேன், காலைல பனி பட்டு அழுத மூஞ்சி மாதிரி கோடு கோடா எறங்கியிருந்துச்சு.

கதவு பத்தி நீங்க கேக்கல, ஆனா கண்டிப்பா கை வைப்பீங்க. நவம்பர்ல கதவு சிக்குதேன்னு இழைப்புளி வச்சு சீவித் தள்ளினேன், அவ்வளவு பெருமை, வழுவழுன்னு மூடுது. பிப்ரவரி வெயில்ல மரம் சுருங்கி, இப்ப அந்த சந்துல பக்கத்து வீட்டுப் பூனை தலைய விட்டு எட்டிப் பாக்குது. மழைல சிக்குற கதவ திட்டிக்கிட்டே தொறங்க, வெயில் காலத்துலயும் சிக்கினா மட்டும் சீவுங்க.

பாத்ரூம் டைல்ஸ் போடலாம், போடுங்க. வாட்டம் மட்டும் நாலடிக்கு அரை இஞ்சாவது தண்ணி போற ஓட்டைய நோக்கி இருக்கணும். தரைக்கு வாட்டர்ப்ரூஃப் கோட்டு அடிச்சு காஞ்சதும் ஓட்டைய அடைச்சு ரெண்டு இஞ்சு தண்ணி கட்டி ஒரு நாள் விட்டு, கசிவில்லைன்னு பாத்தப்புறம் டைல்ஸ். நான் வாட்டமும் பாக்கல, தண்ணியும் கட்டல. எங்க பாத்ரூம் தண்ணி ஹாலுக்கு வரும், வைப்பர் வச்சுத் தள்ளுற வேலை எனக்கு தினமும் உண்டு.

கரண்ட்டுல கை வைக்காதீங்க. ரெண்டு கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும், பழைய வீட்டு வயர் தாங்காது. வயர்மேன கூப்பிட்டு அதுக்கு தனி லைன், எர்த், கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்க, ஈரச் சுவத்துல இது இல்லாம இருக்கவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எங்கயாவது கெடந்தா அறுக்கிறது, துளை போடுறது, உடைக்கிறது எதுவும் வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். அப்பா சொல்றதுல இந்த அளவுக்கு நியாயம் இருக்கு, மத்ததுக்கு நான் உங்க கட்சி. ஒண்ணு செய்ங்க, அடுத்த மழைக்கு அவரையும் பின்னாடி கூட்டிட்டுப் போங்க, தாத்தா காலத்துல தண்ணி எந்தப் பக்கம் போச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்.

சாமான்ல வாங்குறதுன்னா முதல்ல மட்டம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு நல்ல ரசமட்டம் வாங்குங்க. கடைலயே மேஜை மேல வச்சு குமிழி எங்க நிக்குதுன்னு பாத்துட்டு, அப்படியே இடவலமா திருப்பி அதே இடத்துல வச்சுப் பாருங்க, குமிழி அதே பக்கம் அதே அளவு நிக்கணும். மாறினா ரசமட்டமே கோணல். நான் இருக்கிறதுலயே விலை கம்மியானத திருப்பிப் பாக்காம வாங்கிட்டு வந்துதான் கிச்சன் மேடைய போட்டேன். இன்னைக்கும் முட்டைய மேடைல வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்ப முடியாது, சிங்க் பக்கம் உருண்டு போயிரும்.

அன்புடன்,
அக்கா