கவ்வாத்துக் கத்திக் காயம் ஆறுகிறது. முதுகுத்தண்டுக் காயம் ஏன் ஆறுவதில்லை?

தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பட்ட விரல் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்கிறது, ஆனால் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு நைந்தவர் ஏன் எழுந்து நடப்பதில்லை என்று ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அந்தந்த இழையத்தில் (ஒரே வேலைக்காகச் சேர்ந்த கலங்களின் கூட்டத்தில்) குருத்துக் கலங்கள் எவ்வளவு இருக்கின்றன, அவை எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்பதிலேயே விடை பெரிதும் தங்கியுள்ளது.

குருத்துக் கலம் பிரிந்து தன்னைப் போன்ற கலத்தையும், ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கென மாறப்போகும் கலத்தையும் தர வல்லது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் மொட்டைக் கிளையில் உறங்கிக் கிடந்த அரும்புகள் தளிர்ப்பதைப் போல, உடற்பரப்பை மூடும் மேலணி இழையமான மேற்றோலின் அடி அடுக்கிலுள்ள குருத்துக் கலங்கள் பெருகிக் காயத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கி நகர்ந்து அதை மூடுகின்றன. ஒப்புமை முழுமையானதன்று: அரும்பு இலையும் தண்டுமாக முழுக் கிளையையே தரும், தோலின் குருத்துக் கலமோ தோலுக்குரியவற்றை மட்டுமே தரும்.

உடலின் பாகங்களை இணைத்துத் தாங்கும் தொடுப்பிழையத்தில் குருதியும் அடங்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்களே வாழ்வதால், எலும்பின் உள்ளிருக்கும் மென்பொருளான என்பு மச்சையிலுள்ள குருத்துக் கலங்களின் வழியாக ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 இலட்சம் புதிய கலங்கள் உருவாகின்றன. தசையிழையத்தில் கைகால் தசை ஓரளவு தன்னைச் சீர்செய்துகொள்ளும். இதயத் தசை அநேகமாகச் செய்வதில்லை.

நரம்பிழையத்தில் முதிர்ந்த நரம்புக் கலம் பிரிவதே இல்லை. முதுகுத்தண்டின் உள்ளே ஓடும் நரம்பு வடமான முண்ணாணில் அறுந்த நீண்ட நரம்பு நார் மீண்டும் வளர முயன்றாலும், காயத்தைச் சுற்றி உருவாகும் தழும்பும் அங்குள்ள சில புரதங்களும் அதைத் தடுத்துவிடுகின்றன.

2006 இல் யப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாக்கா 4 மரபணுக்களைச் செலுத்தி, எலியின் முதிர்ந்த தொடுப்பிழையக் கலங்களையே குருத்துக் கல நிலைக்குத் திருப்பினார். 2012 இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அவ்வழியில் நரம்புக் கலங்களை ஆய்வுகூடத்தில் ஆக்க முடிகிறது, ஆனால் அவற்றை முண்ணாணில் சரியான இணைப்புகளோடு பொருத்துவதுதான் இன்னும் கடினமான பகுதி.