வீட்டில் ஒருவர் குடித்தால்: கேள்வி பதில்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியால் நொந்த குடும்பங்களோடு பதினெட்டு வருடமாகப் பேசி வருகிறேன். என் அப்பாவும் குடித்தவர்தான். இந்த மாதம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகாத நாளெல்லாம் “காய்ச்சல்” என்று நான்தான் கங்காணியிடம் சொல்கிறேன். தவறணை (மதுக்கடை) கடனையும் நானே கட்டுகிறேன். இல்லாவிட்டால் மானம் போய்விடுமே?

பதில்: லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) நடுவே ஒரு சுவர்தான், தங்கச்சி. அவர் எத்தனை மணிக்கு வந்தார், எதை உடைத்தார் என்று அடுத்த காம்பராவுக்குத் தெரியும். கங்காணிக்கும் தெரியும். குடிப்பது அவர், அதற்கு விலை கொடுப்பது நீங்கள். போதை தெளிந்த ஒரு காலையில் சொல்லுங்கள்: “இனி கங்காணிக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். தவறணைக் கடன் என்னுடையதல்ல.” சொன்னபடி நில்லுங்கள். அவர் கை நீட்டுகிறவர் என்றால் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். கீழே அடி பற்றிய பதிலைப் பாருங்கள். சம்பளம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். எங்கள் அம்மாவின் சம்பளத்தை அப்பாதான் போய் வாங்குவார். வீடு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்திருக்கும்.

குடிக்கிறவர்களின் குடும்பத்தினருக்காக 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குழுக்களில் ஒரு வாசகம் சொல்வார்கள்: இது உன்னால் வந்ததல்ல, உன்னால் அடக்க முடியாது, உன்னால் குணமாக்கவும் முடியாது. முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியென்றால் அம்மா பிடித்த விரதமெல்லாம் வீணா? அப்புறம்தான், அம்மா தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு வாழ்ந்தது புரிந்தது.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. நின்றிருந்த பழக்கம், இப்போது மறுபடி படுக்கையை நனைக்கிறான். மகள் நல்ல பிள்ளை. பதின்மூன்று வயதில் சமையல், தம்பி, எல்லாம் அவள்தான். மகனை என்ன செய்வது?

பதில்: திட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் எனக்கு அந்த நல்ல பிள்ளையைப் பற்றித்தான் அதிகக் கவலை. நானும் அப்படித்தான் இருந்தேன். படியில் அப்பாவின் செருப்பு இழுபடும் சத்தத்தை வைத்தே, இன்றைக்குச் சோறு போடுவதா, பாயை விரித்துவிட்டு ஒதுங்குவதா என்று கணக்குப் போடுவேன். பாராட்டுக் கிடைக்கும், விளையாட்டுக் கிடைக்காது. அவளைத் தினமும் கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடுங்கள். “அப்பா குடிப்பதற்கு நீங்கள் காரணமில்லை” என்று இருவரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் மேல் அடி விழுந்தால் சிறுவர் உதவி எண் 1929க்கு அழையுங்கள்.

கேள்வி: அவருக்குத் தெரியாமல் கறியில் கலக்க ஒரு மருந்து இருக்கிறதாமே?

பதில்: வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் என்ற மருந்தைப் போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

கேள்வி: அண்ணன் கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் குடியை விட்டார். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறார். பேய் பிடித்ததா?

பதில்: பேய் இல்லை. பல வருடம் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி வரும். முதலில் கை நடுங்கும், வலிப்பும் வரலாம், அப்புறம் இல்லாததெல்லாம் தெரியும். சாகக்கூடிய நிலை இது. பூசாரியிடம் அல்ல, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எப்போது நிறுத்தினார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அடிக்கிறார். குடித்தால்தான் அப்படி, மற்றபடி நல்லவர்.

பதில்: தவறணையில் கங்காணியை அடிக்கிறாரா? இல்லையே. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். வீட்டுக்குள் வரக் கூடாது என்றுகூட நீதிமன்றம் சொல்லலாம். பெண்களுக்கான உதவி எண் 1938. அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் நம்பிக்கையான ஒரு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. தாத்தா, அப்பா இருவரும் குடி. எனக்கும் வருமா?

பதில்: இந்த ஆபத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரை வழி வருவது, தம்பி. மீதி நீ வளரும் சூழலும் உன் பழக்கமும். மற்றவர்களைவிட எனக்குப் போதை ஏறுவதில்லை என்று ஒருநாள் தோன்றினால் பெருமைப்படாதே, அதுவே எச்சரிக்கை. திருவிழாவில் கிளாஸை நீட்டும் மாமாவிடம் “மருந்து சாப்பிடுகிறேன்” என்று சொல்லிவிடு. மேலே பொய் வேண்டாம் என்ற அக்காதான் இதையும் சொல்கிறேன்.