கடிவாளமும் இல்ல, சீட்டும் இல்ல

கே: பழைய வெஸ்டர்ன் படங்கள்ல வெள்ளைத்துணி கூண்டு போட்ட வேகன்ல ஏறி உக்காந்து கடிவாளத்த சுண்டி ஓட்டுறாங்களே, மாடு பூட்டினாலும் அப்படித்தானா? பத்து பன்னெண்டு மாட்ட ஒரே ஆள் எப்படி சமாளிச்சாரு?

ப: குதிரை, கோவேறு கழுதைன்னா கடிவாளம் உண்டு. ஆனா 1840கள்ல அமெரிக்காவுல மிசூரியில கிளம்பி மேற்கே ஓரிகான் வரைக்கும், கிட்டத்தட்ட 3,200 கிலோமீட்டர், குடியேறப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க பூட்டினது காயடிச்ச மாடுங்கதான், அதுக்கு கடிவாளமும் இல்ல மூக்கணாங்கயிறும் இல்ல, ஓட்டுறவர் இடது பக்கமா கூடவே நடந்துகிட்டு வாயாலயே ஓட்டணும். 'ஜீ'ன்னா வலது, அதாவது அவர விட்டு விலகிப் போகணும், 'ஹா'ன்னா இடது, அவர் பக்கம் வரணும், 'வோ'ன்னா நிக்கணும். சாட்டை இருக்கும், ஆனா நல்ல ஆளு அத காத்துல சொடுக்குறதோட சரி, சத்தமே போதும்.

விஷயமே முன்ஜோடிலதான் இருக்கு. ஏர்க்கால்ல நேரா பூட்டுறது வண்டிக்கு ஒட்டின பின்ஜோடிய மட்டும், மத்த ஜோடியெல்லாம் நுகத்துக்கு நுகம் சங்கிலி போட்டு வரிசையா முன்னாடி. அதனால சொன்ன பேச்ச டக்குனு புரிஞ்சுக்குற மாட்டத்தான் முன்னால கட்டுவாங்க, பின்ஜோடிக்கு நல்ல வெயிட்டான, அசராத மாடு, ஏன்னா திருப்பத்துல முன்னாடி உள்ளது வளைஞ்ச உடனே இதுவும் வளைஞ்சா வண்டி குறுக்க வெட்டிக்கிட்டு பள்ளத்துல இறங்கிடும். அதுவும் இடது பக்க மாடு எப்பவும் இடது பக்கம்தான், பக்கம் மாத்திக் கட்டினா குழம்பிடும்.

கே: குதிரைய விட்டுட்டு ஏன் மாடு? ரொம்ப ஸ்லோ ஆச்சே?

ப: ஸ்லோதான், மணிக்கு 3 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 25 போனா பெரிய விஷயம், மொத்தப் பயணமே நாலஞ்சு மாசம் இழுக்கும். ஆனா விலை கம்மி, தானியம் கேக்காது, வழியில கிடைக்குற புல்லே போதும், முக்கியமா திருட்டு பயம் குறைவு. தொல்லை லாடம் அடிக்கிறதுதான். குளம்பு பிளந்திருக்குறதால ஒரு காலுக்கு ரெண்டு துண்டு வேணும், குதிரை மாதிரி மூணு கால்ல நின்னு காட்டாது, அதனால பள்ளம் வெட்டி மாட்ட மல்லாத்தி காலத் தூக்கிக் கட்டிட்டுதான் அடிப்பாங்களாம். இன்னொண்ணு, வறண்ட பகுதி தாண்டி வரும்போது தண்ணி வாசம் பட்டுச்சுன்னா அப்புறம் 'வோ'வும் கிடையாது ஒண்ணும் கிடையாது, வண்டியோட ஆத்த பாத்து ஓட்டம்தான், அதனால விவரமான ஆளுங்க முன்கூட்டியே நுகத்த அவுத்து விட்டுடுவாங்க.