இந்தி தெரியாமல் டெல்லிக்கு வந்து அரசியல் செய்தியாளர் ஆகலாமா? டிவி நெறியாளர் ஆக எவ்வளவு நாள் பிடிக்கும்?

ஆகலாம். 2006இல் நான் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இறங்கியபோது தெரிந்த இந்தி 'பானி', 'கித்னா' இரண்டும்தான். நெறியாளர் நாற்காலிக்கு எனக்குப் பதிமூன்று வருடம் பிடித்தது. இன்று அதைவிடச் சீக்கிரம் கிடைக்கும். சீக்கிரம் கிடைப்பது நல்லதா என்பது வேறு கதை.

தமிழ்ச் சேனலின் டெல்லி செய்தியாளருக்கு நாள் பெரும்பாலும் நின்றே கழியும். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் என்றால் காலை பத்தரைக்குப் பக்கத்திலிருக்கும் விஜய் சௌக். அவையிலிருந்து வெளியே வரும் எம்.பி.க்களை மடக்கிப் பைட், அதாவது கேமராவுக்கு நாலு வார்த்தை, வாங்க வேண்டும். ஒரே எம்.பி. தேசியச் சேனலுக்கு ஆங்கிலத்தில் ஒருமுறை, நமக்குத் தமிழில் ஒருமுறை பேசுவார். ஆங்கிலத்தில் இருந்த காரம் தமிழில் இருக்காது. சில நாள் தலைகீழாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று கவனிப்பவனுக்குச் செய்தி கிடைக்கும். காவிரி, முல்லைப் பெரியாறு, நீட் என்றால் சுப்ரீம் கோர்ட் புல்வெளி. முதல்வர் வந்தால் சாணக்யபுரி தமிழ்நாடு இல்லத்து வாசல். இடையில் பத்திரிகை அலுவலகங்கள் இருக்கும் ரஃபி மார்க் ஐஎன்எஸ் கட்டடத்துக்கு வெளியே டீ. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி தரும் அங்கீகார அட்டைக்கு ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். அதுவரை பல கேட்டுகளில் நம்மை நிறுத்தி வைப்பார்கள். நிற்கலாம், தப்பில்லை.

இப்போது ஒரு அவமானக் கதை. 2018 பிப்ரவரி 16, காவிரி மேல்முறையீட்டில் தீர்ப்பு. 2007இல் நடுவர் மன்றம் தமிழகத்துக்குத் திறந்துவிடச் சொன்னது 192 டிஎம்சி. அது கூடுமா குறையுமா என்பதுதான் ஒரே கேள்வி. நான் கோர்ட் புல்வெளியில் நிற்கிறேன். உள்ளேயிருந்து வேகமாக வந்த ஒரு வக்கீல், "பதினாலே முக்கால் எக்ஸ்ட்ரா" என்று சொல்லிக்கொண்டே கடந்துபோனார். காதில் டெஸ்க், அதாவது ஆபீஸ் செய்திப் பிரிவு, "சார், லைவ் போறோம், போறோம்" என்கிறது. பக்கத்துச் சேனல்காரர் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டார். நானும் "பதினாலே முக்கால் டிஎம்சி கூடுதல்" என்று சொல்லிவிட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது! டெஸ்க் கீழே ஃபிளாஷ் போட்டது: தமிழகத்துக்குக் கூடுதல் தண்ணீர்.

நடந்தது நேர் எதிர். அந்த 14.75 கர்நாடகத்துக்கு. நமக்கு 192 போய் 177.25 ஆனது. தமிழகத்தில் இருக்கும் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. நாலு நிமிடத்தில் திருத்திவிட்டோம். அதற்குள் அப்பா ஊரிலிருந்து போன். "என்னடா தம்பி, கூடுதல்னு சொன்னே. டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, இப்ப மாத்திப் போடுறான்?" ஆபீசில் வாங்கிய திட்டெல்லாம் மறந்துவிட்டது. அது மறக்கவில்லை.

அடுத்த வருடம் பேட்டி நிகழ்ச்சியை என்னிடம் கொடுத்தார்கள். முதல் சில வாரம் மகா மோசம். விருந்தினர் பேசும்போது நான் அடுத்த கேள்வியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். அவர் நடுவில் தன்னையறியாமல் ஒரு விஷயத்தை உளறியிருப்பார், எனக்குக் காதிலேயே விழுந்திருக்காது. ஒளிபரப்பில் பார்க்கும்போதுதான் தலையில் அடித்துக்கொள்வேன். புல்வெளியில் செய்த அதே தப்பு: காதில் விழுந்ததை முழுசாகக் கேட்காமல் அவசரப்படுவது.

2004இல் பிபிசிக்காக கரண் தாப்பர் ஜெயலலிதாவை எடுத்த பேட்டியைப் பார்த்திருப்பீர்கள். முடிவில் அவர் சம்பிரதாயமாக மகிழ்ச்சி என்று சொல்ல, அம்மையார் தனக்கு மகிழ்ச்சியாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, 'நமஸ்தே' போட்டு முடித்தார். எல்லாரும் அந்தக் கடைசி அரை நிமிடத்தைத்தான் பார்க்கிறார்கள். முழுசாகப் பாருங்கள். மறுப்பு வந்த பிறகும் விடாமல் கேட்கும் அந்தத் தெம்பு தயாரிப்பிலிருந்து வருவது. ஆனால் ஜோசியம் பற்றியெல்லாம் அவ்வளவு குடையாமல் கொஞ்சம் பேசவிட்டிருந்தால் இன்னும் நிறைய வந்திருக்கும் என்பது என் கட்சி.

இங்கே பெயர் வாங்கிய பலர் கீழிருந்து வந்தவர்கள்தான். இந்தி நெறியாளர் ரவீஷ் குமார் என்டிடிவியில் நுழைந்தது நேயர் கடிதங்களைப் பிரிக்கும் வேலைக்கு. 2019இல் மகசேசே விருது வாங்கினார். ஆங்கில நெறியாளர் ராஜ்தீப் சர்தேசாய் 1994இல் டிவிக்கு வருவதற்கு முன் மும்பையில் பத்திரிகைக்காரர்.

அப்புறம் ஏன் இன்று இருபத்தைந்து வயதில் விவாதம் நடத்த உட்கார வைக்கிறார்கள்? காசுதான். ஒரு செய்தியாளரையும் கேமராமேனையும் ஊர் ஊராக அனுப்பினால் வண்டி, ரூம், சாப்பாடு. நாலு பேரை அவரவர் வீட்டிலிருந்தே திரையில் சேர்த்துக் கத்தவிட்டால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் டிஆர்பி ரேட்டிங்தான் காரணம் என்பார்கள். 2020 அக்டோபரில் நிறுத்திய செய்திச் சேனல் ரேட்டிங் 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. அந்தப் பதினேழு மாதமும் நான் பார்த்த வரையில் கத்தல் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

சரி, இந்தி. மந்திரிகளோடு பேச ஆங்கிலம் போதும், பலருக்கு அதுவே வசதி. இந்தி வேண்டியிருப்பது அவர்களுடைய டிரைவர்களோடு பேச. யார் எந்த பங்களாவில் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார், எந்தக் கார் பின்வாசல் வழியாகப் போனது என்பதெல்லாம் டெல்லியில் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஒரு வருடம் அவர்களோடு டீ குடித்தால் இந்தி வந்துவிடும். எனக்கு ஆண்பால் பெண்பால்தான் இன்றுவரை வரவில்லை, அவர்கள் சிரித்துக்கொண்டே தகவல் சொல்லிவிடுவார்கள். ஜனவரியில் சேருவதாக இருந்தால் ஊரிலேயே ஸ்வெட்டர் வாங்காதீர்கள், விஜய் சௌக் குளிருக்கு அது காணாது. இங்கே வந்து சரோஜினி நகரில் வாங்கிக்கொள்ளலாம்.