கோபுரமும் சோப்பு அடுக்கும் – கடிதம்

அன்புள்ள சார்,

பலகை விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஆடு புலி ஆட்டம், பல்லாங்குழி, சதுரங்கம் என்று போய் ஜெர்மனிக்காரர்களின் இன்றைய விளையாட்டுகளில் முடித்திருந்தீர்கள். எல்லாமே மூளைக்கு வேலை கொடுப்பவை. எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால், ஒரு வகையை அப்படியே விட்டுவிட்டீர்கள் என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் நாலைந்து பேர் கூடி விளையாடுவோம். அப்பா முப்பத்தைந்து வருஷம் மளிகைக் கடை நடத்தியவர், இப்போது எங்களோடு இருக்கிறார். எத்தனை தடவை கூப்பிட்டாலும், "நீங்க ரூல்ஸ் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடும்" என்று எழுந்து போய்விடுவார். போன வாரம் ஒரு நண்பர் ஜெங்கா கொண்டுவந்தார். மரக்கட்டைகளை மூன்று மூன்றாக அடுக்கிய கோபுரத்திலிருந்து ஆளுக்கு ஒரு கட்டையாக உருவி உச்சியில் வைக்க வேண்டும், யார் கையில் சரிகிறதோ அவர் தோற்றார். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். பதினொன்றரை மணி வரை எழுந்திருக்கவில்லை. ஒரு தடவைகூட அவர் கையில் கோபுரம் சரியவில்லை. எப்படி என்று கேட்டால், "அடுக்கின சோப்புல நடுவுல இருக்கறத உருவறதுதானே இது" என்கிறார்.

என் நண்பர்கள் இதை ஒரு விளையாட்டாகவே ஒத்துக்கொள்வதில்லை. அதிர்ஷ்டம், குழந்தைகள் சமாச்சாரம் என்கிறார்கள். யோசிக்க வேண்டியதில்லை, எல்லோரும் சமம், அதுதான் இதன் சுகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இந்த வகையில் வேறு எதை வாங்கலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒத்துக்கொள்கிறேன், விட்டுவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையை எழுதியபோது என் மேசைக்கு இரண்டடி தள்ளி கேரம் போர்டு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. வீட்டில் மற்ற எல்லா விளையாட்டுகளையும் சேர்த்தாலும் அந்தப் பலகையில் ஆடிய நேரத்துக்கு ஈடாகாது. பலகை விளையாட்டு என்று யோசிக்க உட்கார்ந்ததும் அது மட்டும் மறந்துவிட்டது. கையால் ஆடுவதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை போலிருக்கிறது.

உங்கள் நண்பர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சதுரங்கத்தில் குதிரையை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டால் ஆட்டம் நகர்ந்துவிட்டது. அதைத் தூக்கி வைக்கும் கை வெறும் தபால்காரர். தபாலிலேயே சதுரங்கம் ஆடியிருக்கிறார்கள், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். தபாலில் ஜெங்கா ஆட முடியாது. "கீழிருந்து ஏழாவது அடுக்கில் நடுக்கட்டை" என்று கார்டில் எழுதிப் போட்டால், எடுக்கப்போகும் விரல் யாருடையது என்ற கேள்வி பாக்கி நிற்கும். முடிவெடுத்ததற்கும் செய்து முடித்ததற்கும் நடுவில் கிடக்கும் அந்த ஒரு சாண் தூரத்தில்தான் இந்த வகை விளையாட்டு மொத்தமும் நடக்கிறது.

யோசிக்க வேண்டியதில்லை என்கிறீர்களே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் அப்பா கட்டையைத் தொட்டதை அடுத்த முறை பக்கத்திலிருந்து பாருங்கள். நேராகப் பிடித்து இழுத்திருக்க மாட்டார். சுட்டுவிரலால் ஒன்றைத் தட்டிப் பார்ப்பார். அது இறுக்கமாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். மூன்றாவதோ நாலாவதோ லேசாக உள்ளே போகும். அதைத்தான் எடுப்பார். ஏன் அப்படி? பெட்டியில் வரும் 54 கட்டைகளும் பார்க்க ஒரே அளவாக இருந்தாலும் மயிரிழை வித்தியாசம் உண்டு. தொழிற்சாலையில் கவனக்குறைவால் வந்த பிசகு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். ஒரு அடுக்கில் மூன்று கட்டை என்றால் தடிமனானது மேலே உள்ள பாரத்தைச் சுமக்கிறது. மெலிந்தது பக்கத்தில் சும்மா படுத்திருக்கிறது. எல்லாம் அச்சு அசலாக ஒரே தடிமனில் இருந்தால் பாரம் எல்லாவற்றிலும் பரவி, எதைத் தொட்டாலும் இறுகியிருக்கும்.

இதோடு முடிந்துவிட்டால் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டே போகலாம். ஆனால் ஒன்றை உருவி மேலே வைத்ததும் கோபுரம் கொஞ்சம் சாய்கிறது, பாரம் இடம் மாறுகிறது. இரண்டு சுற்றுக்கு முன்னால் தளர்வாக இருந்தது இப்போது இறுகிக் கிடக்கும். போன தடவை தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது எதுவும் இந்தத் தடவைக்கு உதவாது. உங்கள் அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டிப் பார்த்திருப்பார், அதனால்தான் அவர் கையில் விழவில்லை. மளிகைக் கடைக்காரருக்கு இது பழகிய விஷயம்தானே. காலையில் அடுக்கிய சோப்பு மத்தியானம் அதே அடுக்கு இல்லை. நடுவில் நாலு பேர் வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

நான் இதில் படுமோசம், சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு நண்பர் வீட்டில் ஆடினோம். ஒரு அடுக்கில் நடுக்கட்டையை ஏற்கெனவே எடுத்துவிட்டால் ஓரத்தில் இருக்கும் இரண்டையும் தொடக்கூடாது, ஒற்றை ஓரக்கட்டை மேலே இருப்பதைத் தாங்காது. ஓரம் இரண்டும் போய் நடு மட்டும் இருந்தால் தாங்கும். ஆகவே ஒரு அடுக்கிலிருந்து அதிகபட்சம் இரண்டுதான் கிடைக்கும் என்றெல்லாம் கூடியிருந்தவர்களுக்கு விளக்கினேன். சரியான விளக்கம்தான். பேசி முடித்துவிட்டு, எதை எடுக்க வேண்டும் என்று சொன்னேனோ அதையே எடுக்கப் போனேன். என் சட்டைக் கை தட்டி மொத்தமும் டீ தம்ளர்கள் மேல் விழுந்தது. நண்பரின் மகளுக்குப் பத்து வயது இருக்கும். "அங்கிள், பேசிக்கிட்டே எடுக்கக்கூடாது" என்றாள். அதுவரை நான் சொன்ன எல்லாவற்றையும்விட அது உபயோகமான அறிவுரை.

இந்த விளையாட்டை உருவாக்கிய லெஸ்லி ஸ்காட் ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர். கானாவில் தக்கோராடி என்ற ஊரின் மர அறுவை மில்லில் வாங்கிய கட்டைகளை வைத்து 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் குடும்பத்தில் விளையாடியதுதான் ஆரம்பம். 1983-இல் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் வெளியிட்டார். ஜெங்கா என்றால் ஸ்வாஹிலி மொழியில் 'கட்டு' என்று ஏவல். அந்தப் பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. கட்டு என்று பெயர் வைத்துவிட்டு, கீழிருந்து பிடுங்கித்தான் மேலே கட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்.

இன்னொரு விதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கட்டையை மேலே வைத்ததும் உங்கள் முறை முடிந்துவிடாது. பத்து வினாடி காத்திருக்க வேண்டும், அல்லது அடுத்தவர் கோபுரத்தைத் தொட வேண்டும். அதற்குள் விழுந்தால் உங்கள் கணக்கு. அந்தப் பத்து வினாடியை நிஜமாகவே எண்ணி ஆடிப் பாருங்கள். கோபுரம் ஆடுகிறது, நிற்கப் பார்க்கிறது, மறுபடி ஆடுகிறது. யாரும் மூச்சு விடுவதில்லை. மின்விசிறியை யாராவது நிறுத்தச் சொல்வார்கள். தோற்கடிக்க வந்தவர்கள்கூட ஒரு கணம் "விழுந்துடாதே" என்று நினைப்பதை முகத்தில் பார்க்கலாம். சதுரங்கத்தில் எதிராளிக்காக இப்படி யாரும் பதறுவதில்லை.

காரணம், எல்லோருக்கும் இருப்பது ஒரே கோபுரம். கேரத்தில் என் காய் வேறு, உங்கள் காய் வேறு. இங்கே நான் கோணலாக வைத்துவிட்டுப் போன கட்டை அடுத்த ஆளின் தலைவலி. ஆறு பேர் சேர்ந்து சிறுகச் சிறுகக் கெடுத்ததை ஏழாவது ஆள் தொடுகிறார், விழுகிறது, பழி முழுக்க அவர் மேல். அநியாயம்தான். வீட்டிலும் ஆபீசிலும் தினம் பார்க்கிற அநியாயம் என்பதால்தானோ என்னவோ, மேசைமேல் நடக்கும்போது இவ்வளவு சிரிப்பு வருகிறது. தீர்ப்பைப் பற்றிச் சண்டையும் கிடையாது. விழுந்தது விழுந்ததுதான், சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

எல்லோரும் சமம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரம்பிக்கும்போது சமம், அவ்வளவுதான். விதியை அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம், அதனால் உங்கள் அப்பா தூங்கிப்போகாமல் உள்ளே வர முடிந்தது. ஆனால் வந்து உட்கார்ந்தவர் உங்கள் எல்லோரையும் தோற்கடித்தாரே, அது சமமா? கை விளையாட்டில் திறமை அதிர்ஷ்டம் மாதிரி தெரிகிறது, ஏனென்றால் ஆடுகிறவருக்கே அதை விளக்கத் தெரியாது. கேரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். சென்னைக்காரர் மரிய இருதயம் ஒன்பது முறை தேசிய சாம்பியன், இரண்டு முறை உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஒன்பது முறை அதிர்ஷ்டம் அடிக்காது. ரெட் போட்டதும் ஃபாலோவாக நம் காய் ஒன்றைப் போட்டாக வேண்டிய நேரத்தில் நம் விரல் இறுகிப்போவதை நினைத்துப் பாருங்கள். காய் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஸ்ட்ரைக்கர் அதே 15 கிராம்தான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு போட்ட அதே வெட்டு, இப்போது போகாது.

பதற்றத்தில் கை என்ன செய்யும் என்பதை ஏழாங்கல் கண்டுபிடித்தவர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். ஏழு தட்டைக் கற்களை அடுக்குவதில் என்ன இருக்கிறது, மூன்று வயதுக் குழந்தை அடுக்கும். முதுகில் பந்து வந்து விழப்போகிறது என்று தெரிந்துகொண்டு அடுக்கும்போதுதான் ஆறாவது கல் வழுக்குகிறது. ஐந்தாங்கல் இன்னும் பழசு. சங்கப் பாட்டிலேயே பெண்கள் மணலில் கழங்கு ஆடுகிறார்கள். கழங்கு என்றால் கழற்சிக்காய். எங்கள் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயில் வெற்றிலையோடு, பக்கத்து வீட்டுக்காரியிடம் மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டே அஞ்சு கல்லையும் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். கல்லைப் பார்க்கவே மாட்டார். பேசிக்கொண்டே எடுக்கக்கூடாது என்ற சட்டம் அத்தைக்குப் பொருந்தாது.

என்ன வாங்கலாம் என்று கேட்டீர்கள். ஜெர்மனியின் ஹாபா கம்பெனி இந்த வகைக்குப் பேர்போனது. 'ரைனோ ஹீரோ' என்று ஒன்று இருக்கிறது: மடித்த அட்டைகளைச் சுவராக நிறுத்தி, மேலே இன்னொரு அட்டையைத் தளமாக வைத்து, மாடி மாடியாகக் கட்டுவது. நடுநடுவே ஒரு மரக் காண்டாமிருகத்தைத் தூக்கி மேல்மாடிக்கு ஏற்றியாக வேண்டும். சின்னப் பெட்டி, ஆனால் காற்று அடிக்கும் வீட்டில் ஆட முடியாது. கனடாவில் க்ரோக்கினோல் என்று வட்டப் பலகையில் விரலால் சுண்டும் விளையாட்டு உண்டு, கேரத்துக்குச் சித்தப்பா மகன் மாதிரி. கிடைத்திருக்கும் பலகைகளில் பழையது ஒன்டாரியோ மாகாணத்தில் 1876-இல் செய்யப்பட்டது. அதே மாகாணத்தில் டாவிஸ்டாக் என்ற சிறிய ஊரில் 1999-இலிருந்து உலகப் போட்டி நடத்துகிறார்கள். நடுக்குழியில் விழுந்தால் 20 புள்ளி, குழியைச் சுற்றி எட்டுக் குச்சிகள் காவல். எதிராளியின் காய் பலகையில் இருந்தால் அதை அடித்தே ஆக வேண்டும், ஒதுங்கிப்போக விடமாட்டார்கள். ஆனால் அந்தப் பலகையைக் கடல் தாண்டி வரவழைக்கும் செலவில் இரண்டு நல்ல கேரம் போர்டு வாங்கிவிடலாம். நான் அதைத்தான் சொல்வேன், போரிக் பவுடரோடு.

காசு செலவில்லாமல் ஒன்று. ஒரே அளவில் நான்கு சோப்புப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள், காலிப் பெட்டி வேண்டாம், சோப்போடு. ஒன்றன்மேல் ஒன்றாக மேசை விளிம்பில் அடுக்குங்கள். மேலே இருப்பதைத் தனக்குக் கீழே உள்ளதிலிருந்து பாதி நீளம் வெளியே தள்ளுங்கள். அடுத்ததைக் கால் பங்கு, அதற்கடுத்ததை ஆறில் ஒன்று, கடைசியை மேசையிலிருந்து எட்டில் ஒன்று. நான்கையும் கூட்டினால் ஒரு முழு நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம் வரும். அதாவது மேல்பெட்டி முழுவதும் மேசைக்கு வெளியே அந்தரத்தில் நிற்க வேண்டும். கணக்கு சொல்கிறது, நிற்கும். எனக்கு மூன்றுக்கு மேல் நின்றதில்லை.

உங்கள் அப்பாவை அடுக்கச் சொல்லிப் பாருங்கள். கணக்கைச் சொல்லாதீர்கள், கடைசிப் பெட்டி மேசைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அப்படியே ஒன்று கேட்டும் எழுதுங்கள்: கட்டையை உருவும்போது அவர் பார்வை அந்தக் கட்டையிலா, கோபுரத்தின் உச்சியிலா?