400 பக்கம், 113 நிமிடம்: சிறுவர் மாயக்கதை படமாகும்போது – கேள்வி பதில்

இந்த முறை ஒரே படத்தை நடுவில் வைத்துப் பேசலாம். பிலிப் புல்மன் எழுதிய ‘நார்தர்ன் லைட்ஸ்’ 1995-இல் வந்த நாவல். 2007-இல் நியூ லைன் சினிமா அதை ‘தி கோல்டன் காம்பஸ்’ என்ற பெயரில் எடுத்தது. இயக்கம் கிறிஸ் வைட்ஸ், செலவு சுமார் 18 கோடி டாலர். கதை தெரியாதவர்களுக்கு: அந்த உலகில் மனிதரின் ஆன்மா ஒரு விலங்கு வடிவில் உடம்புக்கு வெளியே கூடவே திரியும். அதன் பெயர் டீமன். குழந்தைகளின் டீமன் உருமாறிக்கொண்டே இருக்கும். வளர்ந்தவர்களுடையது ஒரே உருவில் நின்றுவிடும். கடத்தப்பட்ட தோழன் ரோஜரைத் தேடி லைரா என்ற சிறுமி வடக்கே பனிப் பிரதேசத்துக்குப் போகிறாள். அங்கே குழந்தைகளையும் டீமனையும் வெட்டிப் பிரிக்கிறார்கள்.

கேள்வி: சார், 400 பக்க நாவலில் முதலில் எதை வெட்டுவது?

வெட்டுவதில் ஆரம்பிக்காதீர்கள், அட்டவணையில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரி: யார் என்ன முடிவு எடுக்கிறார், அதனால் எது மாறுகிறது. பக்கத்திலேயே நான்கு கட்டம் போடுங்கள்: இடம், பகலா இரவா, குழந்தை திரையில் இருக்கிறதா, எத்தனை விலங்கு. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இந்தப் படம் 113 நிமிடம். எதுவும் மாறாத அத்தியாயங்கள் அட்டவணையில் தாமாகவே தெரிந்துவிடும். அவற்றை முன்பின் அத்தியாயங்களோடு சேர்த்துவிடலாம்.

அடுத்து இடங்களைக் குறையுங்கள். ஒரு புது இடம் என்றால் புது செட், புது லைட்டிங், கிராஃபிக்ஸுக்குப் புதுப் பின்னணி. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்குங்கள். பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாவலில் கரடிகள் இரண்டுக்கு யோரெக், யோஃபுர் என்று பெயர். தாளில் குழப்பம் இல்லை, காதில் விழும்போது இரண்டும் ஒன்று. அதனால் படத்தில் இரண்டாவது கரடி ராக்னர் ஆனது. நல்ல முடிவு.

வரிசையையும் மாற்றினார்கள். நாவலில் முதலில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கும் போல்வாங்கர், பிறகுதான் கரடிகளின் அரண்மனை. படத்தில் கரடிச் சண்டை முன்னால் வந்து, போல்வாங்கர் உச்சக்காட்சி ஆகிவிட்டது. இதில் தவறில்லை. தவறு அதற்குப் பிறகு நடந்தது.

கேள்வி: அந்தக் கடைசி மூன்று அத்தியாயம் படத்தில் ஏன் இல்லை?

நாவலின் முடிவில் லைரா ரோஜரைத் தன் அப்பா அஸ்ரியல் பிரபுவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். இன்னோர் உலகத்துக்கு வழி திறக்க அவருக்கு ஒரு குழந்தை வேண்டும். ரோஜரையும் அவன் டீமனையும் பிரிக்கிறார், ரோஜர் சாகிறான். லைரா அந்த வழியாக நடந்து போகிறாள். இதைப் படம் பிடித்தார்கள்; பிறகு இரண்டாம் படத்தின் தொடக்கத்துக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். பலூனில் எல்லோரும் நம்பிக்கையோடு பறப்பதில் படம் முடிந்தது. இரண்டாம் படம் வரவே இல்லை.

எந்த நாவலை எடுத்தாலும் முதல் நாள் ஷூட்டிங்குக்கு முன் கடைசிப் பத்து நிமிடம் கையெழுத்தாகி இருக்க வேண்டும். நடுவில் எதையும் மாற்றலாம்.

கேள்வி (மதுரை வாசகர்): இதை ஏற்க முடியவில்லை சார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்கு வருகிறார்கள். ஒரு சின்னப் பையன் சாவதோடு முடித்தால் எந்தக் குடும்பம் மறுபடி வரும்? 18 கோடி டாலர் போட்டவன் பயப்படத்தானே செய்வான்?

பயப்படுவது நியாயம்தான். ஆனால் படம் முழுக்க எதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் என்று பாருங்கள். டீமனைப் பிரித்தால் என்ன ஆகும், அதுதான் ஒரே கேள்வி. அதன் முழு விடை ரோஜரின் சாவில் இருக்கிறது. லைராவை வெட்டும் கருவிக்குள் வைத்துக் கடைசி நொடியில் காப்பாற்றுகிறார்கள். அது விடையைத் தள்ளிப் போடுவது மட்டுமே. இன்னொன்றும் உண்டு. நண்பனைக் காப்பாற்றத்தான் அவள் கிளம்பினாள், அவனை ஆபத்தில் கொண்டு விட்டதும் அவளே. இந்தத் திருப்பம் இல்லாவிட்டால் அவள் போனதும் மீட்டதும் வெறும் பயணம்.

கேள்வி (அதே வாசகர்): பாதி நாவலில் நிறுத்திய படம் ஓடவில்லையா? ‘தி நெவர் எண்டிங் ஸ்டோரி’ அப்படித்தானே?

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். மிகைல் எண்டேயின் 1979 நாவலை 1984-இல் வொல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்தபோது ஏறக்குறைய முதல் பாதியோடு நிறுத்தினார். எண்டேவுக்குப் படம் பிடிக்கவில்லை, தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். ஆனால் பார்வையாளருக்குப் படம் முழுமையாகத் தெரிந்தது. காரணம், அந்தப் பாதியில் கேட்ட கேள்வி அங்கேயே முடிகிறது: வெறுமை கற்பனை உலகை விழுங்கும்போது யார் தடுப்பது? சிறுவன் அரசிக்குப் பெயர் வைக்கிறான், உலகம் மீண்டும் பிறக்கிறது. ஒரு கேள்வி மூடும் இடத்தில் நிறுத்தலாம். திறந்த கேள்வியின் நடுவில் நிறுத்தினால், அடுத்த படம் வரும்வரை உங்கள் படம் அரைப் படம்தான்.

கேள்வி (கோவை வாசகி): 2019 தொடரில் அந்த முடிவை வைத்தார்களே, யாரும் ஓடிப்போகவில்லையே?

ஆமாம். இதே நாவலிலிருந்து பிபிசி, எச்பிஓ சேர்ந்து எடுத்த ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவம் 8 பகுதி. ரோஜரின் சாவோடுதான் முடிகிறது. ஆனால் அவர்களுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம் இருந்தது. ரோஜரை நாம் நேசிக்க அந்த நேரம் உதவியது. மதுரை நண்பரின் பக்கம் இதில் ஒரு நியாயம் உண்டு: 113 நிமிடப் படத்தில் ரோஜர் திரையில் அதிகம் இல்லை. அந்தச் சாவை வைத்திருந்தால் முதல் அரை மணியில் அவனுக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்க வேண்டும். முடிவை முதலிலேயே உறுதி செய்யச் சொல்வது இதற்காகத்தான். தொடக்கத்தில் யாருக்கு எத்தனை நிமிடம் என்பதை முடிவுதான் தீர்மானிக்கிறது.

கேள்வி: மதத்தைப் பற்றியதை ஏன் நீர்க்கச் செய்தார்கள்?

நாவலில் எதிரி வெளிப்படையாகவே திருச்சபை. படத்தில் ‘மெஜிஸ்டீரியம்’ என்ற அதிகார அமைப்பு மட்டும். அப்படியும் அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. வாசகர்களுக்கும் குறை, எதிர்ப்பாளர்களுக்கும் குறை.

கேள்வி: அண்ணா, 12 வயதுக் கதாநாயகி ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் வருகிறாள். எத்தனை மணி நேரம் நடிக்க வைக்கலாம்?

இங்கிலாந்தின் 2014 விதிப்படி 9 வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தை அந்த இடத்தில் அதிகபட்சம் 9.5 மணி நேரம் இருக்கலாம். அதில் நடிப்பும் ஒத்திகையும் சேர்த்து 5 மணி, ஒரே மூச்சில் 2.5 மணி. 5 முதல் 8 வயது என்றால் இருப்பு 8 மணி, நடிப்பு 3 மணி. இந்தியாவில் 2017 விதி: நாளுக்கு 5 மணி, ஓய்வின்றி 3 மணிக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும்.

ஆகவே 12 மணி நேர ஷூட்டிங் நாளில் உங்கள் கதாநாயகி 5 மணிதான். லைட் மாற்றும் நேரம் அந்த ஐந்தில் விழக்கூடாது. அதே உயரமுள்ள ஒருவரை நிற்க வைத்து லைட் செய்யுங்கள். குழந்தையின் குளோசப்பைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். பெரியவர் பேசும் எதிர்ப்பக்க ஷாட்டில் டூப்பின் தோளும் தலைமுடியும் போதும். குழந்தையின் குளோசப்பை மாலைக்குத் தள்ளுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. களைத்த முகம் எந்த எடிட்டிங்கிலும் மறையாது.

பல் விழும் வயது அது. ஷெட்யூல் தொடங்கும் முன்பே பல் அச்சு எடுத்து வையுங்கள். நடுவில் ஒன்று விழுந்தால் ஓரிரு நாளில் மாட்டும் பல் தயாராகும். உயரமும் கூடும், அதனால் முடிந்தவரை கதை வரிசையில் எடுங்கள். 2005-இல் வந்த நார்னியா படத்தைப் பெரும்பாலும் வரிசைப்படிதான் எடுத்தார்கள். பனிக்காட்டு செட்டை அதில் நடித்த கடைக்குட்டிச் சிறுமிக்கு முன்கூட்டிக் காட்டவில்லை. கண்ணைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். முதல் முறை பார்க்கும் முகம் அப்படியே பதிவானது.

கேள்வி: ஒரு டீமனுக்கு எவ்வளவு செலவாகும்?

விலங்குக் கணக்கில் விலை வராது. எத்தனை முறை மனிதரைத் தொடுகிறது என்பதில்தான் வரும். ஒரே ஒரு ஷாட்டைப் பார்ப்போம். டீமன் சிறுமியின் தோளில் உட்கார்ந்து கழுத்தோரம் மூக்கை உரசுகிறது. மூன்று நொடி, அதாவது 72 ஃபிரேம்.

முதலில் சரியான அளவும் எடையும் உள்ள பொம்மையை வைத்து ஒத்திகை. சிறுமிக்குப் பாரம் தெரிய வேண்டும், தோள் தானாக இறங்க வேண்டும். பிறகு பொம்மையை எடுத்துவிட்டுக் காலரை அழுத்த ஒரு சிறு சாம்பல் நிறத் திண்டு மட்டும் வைத்து டேக். அடுத்து யாரும் இல்லாமல் அதே கேமரா நகர்வில் ஒரு டேக். கடைசியில் பளபளக்கும் உருண்டையும் சாம்பல் நிற உருண்டையும் அதே இடத்தில் பிடித்து வெளிச்சத்தைப் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி இரண்டையும் நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள். அங்கே மிச்சமாகும் ஐந்து நிமிடம் கிராஃபிக்ஸ் மேசையில் நாள்கணக்கில் வட்டி கேட்கும்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். காலர் அழுந்தாவிட்டால் விலங்கு மிதக்கும். சிறுமியின் கூந்தல் அவிழ்ந்திருந்து விலங்கின் முன்னால் விழுந்தால் ஒவ்வோர் இழையையும் 72 ஃபிரேமிலும் பிரித்தெடுக்க வேண்டும். பின்னல் போட்டுவிட்டால் தப்பித்தீர்கள். மூன்றாவது பார்வை: ஒரு சாண் தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் கண்கள் உள்பக்கம் குவியும். வெறும் காற்றைப் பார்க்கச் சொன்னால் எதிர்ச் சுவரைத்தான் பார்க்கும். 2019 தொடரில் செட்டிலேயே பொம்மலாட்டக் கலைஞர்களை வைத்தது இதற்காகவும்தான்.

2007 படத்தில் டீமன்களை ரிதம் அண்ட் ஹ்யூஸும் கரடிகளை ஃபிரேம்ஸ்டோரும் செய்தன. 2008-இல் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது.

கூட்டக் காட்சியில் முப்பது பேர் என்றால் முப்பது விலங்கு. செலவு குறைக்க அவற்றை எலி, விட்டில், சட்டைப் பைக்குள் ஓணான் என்று ஒளிப்பது வழக்கம். ஆனால் டீமன்களை எப்போதும் பார்த்துப் பழகாத கண்ணுக்கு, டீமன் இல்லாத குழந்தை ஒருநாள் முன்னால் வந்து நிற்கும்போது வயிறு கலங்காது. கிராஃபிக்ஸ் பணத்தைச் சண்டையில் மட்டும் கொட்டாமல், முதல் பதினைந்து நிமிடத்தின் சாதாரணத் தெருக் காட்சியிலும் போடுங்கள்.

கேள்வி: ஹாரி பாட்டரில் பீவ்ஸ் பேய் ஏன் இல்லை?

முதல் படத்துக்கு எடுத்தார்கள், எடிட்டிங்கில் போய்விட்டது.

கேள்வி: ஹாரியின் கண் ஏன் பச்சையாக இல்லை?

லென்ஸ் அந்தப் பையனின் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் கண்ணைவிட நாவலின் ஒரு சொல் பெரிதல்ல.

கேள்வி: கோல்டன் காம்பஸில் அந்தக் கடைசிக் காட்சி ஏன்...

மேலே சொல்லிவிட்டேன். ‘அந்தக் காட்சி ஏன் இல்லை’ என்ற கேள்வி இன்னும் ஏழெட்டு வந்திருக்கிறது. அட்டவணையைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலானவற்றுக்கு நீங்களே விடை கண்டுவிடுவீர்கள்.

கேள்வி: கோல்டன் காம்பஸுக்கு 37 கோடி டாலர் வசூல். 18 கோடி செலவு. இதை ஏன் தோல்வி என்கிறார்கள்?

அமெரிக்காவில் வந்தது சுமார் 7 கோடி, மற்ற நாடுகளில் சுமார் 30 கோடி. செலவைச் சமாளிக்க வெளிநாட்டு உரிமையை நியூ லைன் முன்கூட்டியே விற்றிருந்தது. அதனால் அந்த 30 கோடியின் லாபம் வாங்கியவர்களுக்குப் போனது. 7 கோடியிலும் தியேட்டர் பங்கு கழியும். 2008-இல் நியூ லைன் வார்னர் பிரதர்ஸுக்குள் அடங்கியது. வசூல் எண்ணைப் பார்க்கும் முன் எந்த ஏரியா யார் கையில் என்று பாருங்கள். நம் ஊர் விநியோகஸ்தருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேள்வி: தமிழ்ச் சிறுவர் நாவல் ஒன்றின் உரிமை வாங்குகிறேன். எதைக் கவனிக்க?

எழுத்தில் வாங்குங்கள், காலமும் எல்லையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். கிராஃபிக்ஸ் படத்துக்கு 5 ஆண்டு படம் முடியவே போதாமல் போகலாம். மற்றதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: தமிழில் டப் செய்தால் டீமனுக்கு என்ன சொல் வைப்பீர்கள் சார்?

‘டீமன்’ என்றே விட்டால் பிசாசு என்று கேட்கும். ‘ஆவி’ இன்னும் மோசம். நான் ‘ஆன்மா’ என்பேன். வாயைப் பாருங்கள்: டீ-மன், ஆன்-மா. இரண்டிலும் இரண்டே அசை, இரண்டிலும் நடுவில் ‘ம’வுக்கு உதடு மூடுகிறது, குளோசப்பிலும் பிசகாது. முடிவில் மட்டும் வேறுபடும்: மூலத்தில் ‘ன்’, நம்முடையதில் ‘ஆ’ என்று வாய் திறந்திருக்கும். அந்த இடத்தில் அடுத்த சொல்லைச் சேர்த்துப் பேச வைத்தால் போதும்: ‘என் ஆன்மாவை விடு’ என்பது போல.